ஆற்றலும் ஆற்றுதலும்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வேகமாகப் பத்துப் பதினைந்து தடவை அடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். உரசலால் வந்த சூடு என்று பலர் நினைப்பார்கள். உரசலும் கொஞ்சம் உண்டுதான், ஆனால் பெரும்பங்கு அதனால் வருவதல்ல. காற்றை அமுக்கினால் அது சூடாகும். அது காற்றின் குணம். இந்தச் சின்ன குணத்தோடு மோட்டார் பொறியாளர்கள் நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பந்தயங்களில் வென்றதும் தோற்றதும், ஒரு பெரும் போரில் விமானிகள் உயிரோடு திரும்பியதும் திரும்பாததும்கூட இதோடு சம்பந்தப்பட்டவை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பௌதிக ஆசிரியர் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டுவார். ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் இறுக்கமான ஒரு தண்டு. தண்டின் நுனியில் பஞ்சு போன்ற ஒரு துணுக்கு. ஓங்கி ஒரே அமுக்கு. உள்ளே பளிச்சென்று தீப்பொறி! தீக்குச்சி கிடையாது, மின்சாரம் கிடையாது, வெறும் காற்று. பிரெஞ்சில் இதற்குக் 'காற்றுச் சிக்கிமுக்கி' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. 1800-களின் தொடக்கத்தில் லியோன் நகரத்துப் பேராசிரியர் மொல்லே இதைப் பற்றி எழுதி விஞ்ஞானிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் மலேயா, போர்னியோ பக்கத்து மக்கள் மூங்கிலிலும் கொம்பிலும் இதே கருவியைச் செய்து நெடுங்காலமாகத் தீ மூட்டி வந்தவர்கள். டீசல் இஞ்சினில் தீப்பொறிக்கான பிளக் இல்லாமலே எண்ணெய் எரிவதும் இதே தத்துவத்தால்தான்.

இப்போது காருக்கு வருவோம். இஞ்சினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அது எரியக் காற்று வேண்டும். ஒரு சிலிண்டர் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை மீறிக் காற்றை உள்ளே திணித்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், அதிகச் சக்தி கிடைக்கும். அப்படித் திணிக்கிற ஊதுகருவிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். இஞ்சினே பெல்ட் மூலமோ பற்சக்கரம் மூலமோ அதைச் சுழற்றும். புகைக்குழாயில் வீணாகப் போகும் வாயுவைக் கொண்டு சுழற்றினால் அதற்கு டர்போ என்று பெயர். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்.

என் அண்ணன் மகன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கிறான். அவனிடம் இப்படிச் சூப்பர்சார்ஜர் வைத்த எட்டு சிலிண்டர் பழைய கார் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அலுமினியத்தில், பார்ப்பதற்கு ரேடியேட்டர் மாதிரி ஒன்று. 'சித்தப்பா, காருக்குப் புது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கியிருக்கிறேன்' என்றான். விலையைக் கேட்டேன். சொன்னான். ஓடுகிற காருக்கு இவ்வளவு செலவில் இன்னொரு ரேடியேட்டர் எதற்கு என்று கேட்டேன். 'முதல் தடவை முடுக்கினால் பறக்கிறது, மூன்றாவது தடவை மூச்சு வாங்குகிறது, அதுவும் வெயில் காலத்தில் சொல்லவே வேண்டாம்' என்றான். அந்த மூச்சு வாங்கலுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அலுவலகத்தில் கணக்குப் பார்த்தே காலம் கழித்தவன் என்பதால் அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

நம் ஊர் வெயிலில் காற்று 35 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அழுத்தத்தைச் சூப்பர்சார்ஜர் இரண்டு மடங்காக்குகிறது. சேதாரமே இல்லாத கருவியாக இருந்தாலும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். உண்மையான கருவியில் சேதாரம் உண்டு, அதனால் 140 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சூடான காற்று விரியும். ஆகவே இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்தும் உள்ளே போகிற காற்றின் எடை இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். நூறு ரூபாய் கூடுதல் சம்பளம் என்று சொல்லி, பிடித்தம் போக ஐம்பது ரூபாயைக் கையில் கொடுப்பது மாதிரி. அதே காற்றைச் சிலிண்டருக்குள் விடுவதற்கு முன் 60 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் ஏறக்குறைய 1.85 மடங்கு கிடைக்கும். பிடித்ததில் பெரும்பகுதி திரும்பக் கைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, பிளக் கொளுத்திய தீ வந்து சேருவதற்கு முன்பே ஒரு மூலையில் தானாக வெடித்துவிடும். ஆங்கிலத்தில் நாக்கிங் என்பார்கள். பிரெஞ்சில் கிளிக்தி என்போம், சாவிக்கொத்து கிலுங்குகிற மாதிரி சத்தம் வருவதால். தொடர்ந்து கிலுங்கவிட்டால் பிஸ்டன் உடையும், ஓட்டை விழும். ஆக, காற்றை அமுக்குவது பாதி வேலை. அமுக்கியதால் வந்த சூட்டை வெளியேற்றுவது மறு பாதி. ஆனால் இந்த இரண்டாம் பாதியின் அருமை உணரப்படுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இந்த ஊதுகருவி காருக்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்தி வந்தார்கள். ஆலைக்குத் தண்ணீர்ச் சக்கரம் ஒன்றைச் சீர்படுத்தப் போய், ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரண்டு உருளைகளைக் கொண்ட ஓர் அமைப்பு உருவானது. அது தண்ணீருக்குச் சரிப்பட்டு வரவில்லை, காற்றை அருமையாக ஊதியது. 1860-ல் காப்புரிமை வாங்கினார்கள். உலோகம் உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது. இன்றைக்கும் கார்களில் இருக்கும் பல சூப்பர்சார்ஜர்களுக்கு ரூட்ஸ் வகை என்றுதான் பெயர்.

1885-ல் ஜெர்மனியின் காட்லீப் டைம்லர், இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் யோசனையைத் தம் காப்புரிமையில் எழுதினார். 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ, கார்புரேட்டருக்கு விசிறியால் காற்றை ஊதும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 1921-ல் மெர்சிடிஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைப் பொதுமக்களுக்குக் காட்டியது. 1923-ல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஃபியட் கார் வென்றது. கிராண்ட் பிரீ பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் வைத்த கார் பெற்ற முதல் வெற்றி அது. அதற்குப் பிறகு ஊதுகருவி இல்லாத காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

1930-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் தெற்கே போ நகரத்தருகே நடந்தது. பூகட்டி ஓட்டிய பிலிப் எத்தான்செலேன் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஆங்கிலேயர் டிம் பர்கின். அவர் ஓட்டியது நாலரை லிட்டர் பென்ட்லி, நாலு பேர் உட்காரக்கூடிய கனமான கார். மெலிந்த பந்தயக் குதிரைகளுக்கு நடுவே ஒரு வண்டி மாடு புகுந்து இரண்டாம் பரிசு வாங்கிய மாதிரி. அந்தப் பென்ட்லியின் முகத்தில், ரேடியேட்டருக்கும் முன்னால், சூப்பர்சார்ஜர் துருத்திக்கொண்டு நிற்கும். காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அந்தக் கருவி பிடிக்கவே இல்லை. இஞ்சின் பெரிதாக இருக்க வேண்டுமே தவிர, ஊதிப் பெரிதாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பர்கினின் பென்ட்லிகள் வேகத்தில் பெயர் எடுத்தன, ஆனால் பந்தயத்தின் கடைசிவரை தாக்குப்பிடிப்பதில் எடுக்கவில்லை.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்கள் பலவற்றில் சூட்டைத் தணிக்கத் தனிக் கருவி இல்லை. அதற்குப் பதில் எரிபொருளையே குளிர்விக்கும் பொருளாகப் பயன்படுத்தினார்கள். கையில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? அது ஆவியாகும்போது நம் கையிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது. மெத்தனால் என்ற சாராயத்துக்கு இந்தக் குணம் பெட்ரோலைவிட மூன்று மடங்கு அதிகம். ஊதுகருவிக்குள் மெத்தனாலைத் தாராளமாக விட்டால் காற்று குளிரும், இஞ்சினும் பிழைக்கும். வேலை நடந்தது, ஆனால் செலவு ஏறிக்கொண்டே போனது.

அதன் உச்சம் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. 1951-ல் ஒன்றரை லிட்டர் இஞ்சினில் இரண்டு கட்டமாகக் காற்றை அமுக்கி 400 குதிரைச் சக்திக்கு மேல் எடுத்தார்கள். அந்தக் கார் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. எரிந்ததைவிடக் குளிர்விக்கப் போனதே அதிகம் என்று சொல்லத் தோன்றும். 1951-ல் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஃபெராரி நாலரை லிட்டர் இஞ்சினோடு வந்தது. ஊதுகருவி இல்லை, சிக்கனமான கார். ஆல்ஃபாக்கள் நின்று நின்று எரிபொருள் நிரப்பவேண்டியிருந்தது, அர்ஜென்டினாக்காரர் கொன்சாலெஸ் ஃபெராரியில் வென்றார். உலகப் போட்டிப் பந்தயங்களில் ஃபெராரிக்கு அதுதான் முதல் வெற்றி. தேதி ஜூலை 14. புதுச்சேரியில் நாங்கள் கொடியேற்றிக் கொண்டாடும் நாள் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதே இல்லை. எரிபொருளை ஊற்றியே சூட்டைத் தணிக்கிற முறைக்கு அன்றைக்கு மணி அடித்தாயிற்று.

ஆனால் வேறு வழி ஒன்று அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டில் இருந்தது. அது கைகொடுத்த இடம் பந்தயத் திடல் அல்ல, போர்க்களம். அதைப் பார்க்க 1941-க்குப் போக வேண்டும்.

விமானத்துக்குச் சூப்பர்சார்ஜர் ஆடம்பரம் அல்ல, அவசியம். 30,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமுக்கிக் கொடுக்காவிட்டால் இஞ்சின் அங்கே மூச்சுத் திணறிவிடும். 1941 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே ஃபோக்கவுல்ஃப் 190 என்ற புதிய ஜெர்மானிய விமானம் தோன்றியது. அப்போது பிரிட்டனிடம் இருந்த ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரால் அதைச் சமாளிக்க முடியவில்லை. வேகத்திலும் ஏற்றத்திலும் புதியது முந்தியது. அடுத்து வந்த மாதங்களில் கால்வாயைத் தாண்டிப் போன இளைஞர்கள் பலர் திரும்பவில்லை.

ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கர் என்று ஒருவர் இருந்தார். கணிதம் படித்தவர், 1938-ல் வேலைக்குச் சேர்ந்தவர். சூப்பர்சார்ஜருக்குள் காற்று எப்படிப் பாய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத் திருத்தியவர். உயரத்தில் பறக்கும் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்காக அவருடைய குழு மெர்லின் இஞ்சினில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஊதுசக்கரங்களை வைத்தது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஏறக்குறைய ஆறு மடங்காக்க அதனால் முடிந்தது. ஆனால் ஆறு மடங்கு அமுக்கினால் என்ன ஆகும்? வெளியே உறைய வைக்கும் மைனஸ் 45 டிகிரிக் காற்று, கணக்குப்படி உள்ளே 150 டிகிரிக்கு மேல் போய்விடும். மெர்லினில் பெட்ரோல் சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே கலப்பதால் ஆவியாகி 25 டிகிரி போலக் குறையும். அது போதாது.

ஆகவே ஊதுசக்கரங்களுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே ஒரு பெட்டியை வைத்தார்கள். உள்ளே குழாய்கள். ஒரு பக்கம் சூடான கலவை போகும், மறுபக்கம் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவம் ஓடும். இதுதான் இன்டர்கூலர். அந்தத் திரவத்தைச் சுற்றவிடத் தனிப் பம்பு, ஆற்றுவதற்குத் தனி ரேடியேட்டர். பம்பு நிமிடத்துக்கு 36 காலன் வரை, அதாவது 160 லிட்டருக்கு மேல், தள்ளும். ஒரு தண்ணீர்ப் பீப்பாயை ஒன்றே கால் நிமிடத்தில் காலி செய்கிற வேகம்!

அந்த இஞ்சினைக் குண்டுவீச்சு விமானத்தில் வைப்பதைவிட ஸ்பிட்ஃபயரில் வைத்தால் என்ன என்ற யோசனை அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஹைவ்ஸிடமிருந்து வந்தது என்று ஹூக்கர் எழுதியிருக்கிறார். 1942 ஜூலையில் ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர் படைக்கு வந்தது. 30,000 அடியில் பழைய இஞ்சினைவிட ஏறக்குறைய 300 குதிரைச் சக்தி அதிகம். இரண்டு விமானங்களின் படங்களையும் அடியிலிருந்து எடுத்ததாகத் தேடிப் பாருங்கள். பழையதில் ஒரு இறக்கைக்குக் கீழே பெரிய ரேடியேட்டர் பெட்டி, மறு இறக்கைக்குக் கீழே எண்ணெயைக் குளிர்விக்கும் சின்ன உருளை. புதியதில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பெட்டிகள். மேலே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கீழே குளிர்விக்கிற இடம் கூடியிருக்கிறது. மெர்லினின் கொள்ளளவு தொடக்கத்திலும் 27 லிட்டர், கடைசியிலும் 27 லிட்டர். சக்தி மட்டும் 1,000 குதிரையிலிருந்து 2,000 வரை போயிற்று. நல்ல பெட்ரோலும் காரணம், நல்ல ஊதுகருவியும் காரணம், இந்தக் குளிர்விக்கும் பெட்டியும் காரணம்.

அதே போரில் அமெரிக்கர்களின் பி-38 விமானம் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. அதில் டர்போ அமுக்கிய காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் ஓடவிட்டு, வெளியே அடிக்கும் காற்றால் குளிர்வித்தார்கள். தனிப் பெட்டி வேண்டாம், எதிர்காற்றும் தடைபடாது. கேட்க நல்ல யோசனை. ஆனால் இறக்கை கட்டப்பட்டபோது இருந்த இஞ்சினின் சக்தி வேறு, பிறகு வந்த இஞ்சின்களின் சக்தி வேறு. சக்தி கூடக் கூட அந்த விளிம்பால் அவ்வளவு சூட்டையும் வெளியேற்ற முடியவில்லை. இஞ்சின் கொடுக்கத் தயார், குளிர்விக்கும் இடம் தயாரில்லை. 1943-ல் வந்த ஜே வகையில் அந்த முறையை எடுத்துவிட்டு, மூக்கடியில் தாடை மாதிரி இடம் செய்து பெரிய இன்டர்கூலரை வைத்தார்கள். காலியான இறக்கை விளிம்பில் பக்கத்துக்கு 55 காலன் பெட்ரோல் வைக்க இடம் கிடைத்தது, விமானம் இன்னும் தூரம் போயிற்று.

அதோடு கதை முடியவில்லை. ஐரோப்பாவின் குளிர்கால வானத்தில் அந்த இஞ்சின்கள் அடிக்கடி பழுதாயின. புதிய இன்டர்கூலர் மிதமிஞ்சிக் குளிர்வித்ததால் பெட்ரோலும் அதில் கலந்த ஈய மருந்தும் சரியாக ஆவியாகவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சூட்டை வெளியேற்றுவதிலும் ஓர் அளவு வேண்டும் என்று தெரிந்தது. பெரிதாக மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை.

போர் முடிந்தது. விமானங்கள் ஜெட்டுக்குப் போயின. இந்த அறிவு கார்களுக்கு இறங்கிவர நாளாயிற்று. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இன்டர்கூலர் இல்லை. அதற்குப் பதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தொட்டியில் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சினுக்குள் தெளிக்கப்படும். 'டர்போ ராக்கெட் திரவம்' என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு. ஆனால் வாங்கியவர்கள் பெட்ரோல் போட்டார்களே தவிர அந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போ வேலையைக் குறைத்துக்கொள்ளும், கார் மந்தமாகும். புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில் அந்த மாடல் நின்றுபோயிற்று. பிறகு கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. குளிர்விக்கிற வேலையை மனிதர்களின் ஞாபகசக்தியிடம் ஒப்படைத்தால் இதுதான் கதி.

பிரான்சுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு ஒன்றரை லிட்டர் டர்போ காரோடு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் மூன்று லிட்டர். மஞ்சள் நிறத்தில் வந்த அந்தக் கார் அடிக்கடி புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். ஆங்கிலேயர்கள் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் அந்தக் கேலியைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1979 ஜூலை 1 அன்று பிரான்சின் திழோன் நகரத்தருகே, ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்கள் வைத்த காரில் ழான் பியேர் ழபூய் வென்றார். பிரெஞ்சு ஓட்டுநர், பிரெஞ்சு கார், பிரெஞ்சு இஞ்சின், பிரெஞ்சு டயர், பிரெஞ்சு மண்! கேலி நின்றது. நாலைந்து ஆண்டுகளில் கேலி செய்தவர்களும் டர்போவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

இப்போது துலூசில் இருக்கும் காரின் முகப்பைத் திறந்து பார்க்கலாம். 1990-களிலிருந்து ஜாகுவார், மெர்சிடிஸ், ஃபோர்டு போன்ற கம்பெனிகளின் சூப்பர்சார்ஜர் கார்கள் பலவற்றில் இருப்பது ஏறக்குறைய மெர்லினின் அமைப்புதான். சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் சூடான காற்று இஞ்சினுக்கு மேலேயே உள்ள இன்டர்கூலர் வழியாகப் போகும். அதற்குள் தண்ணீரும் கிளைக்காலும் ஓடும். சின்ன மின்சாரப் பம்பு ஒன்று அந்தத் திரவத்தைக் காரின் முன்பக்கத்தில் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளும். அங்கே எதிர்காற்றில் சூட்டைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும். பிரெஞ்சில் இந்தக் கருவிக்கு எஷான்ஷேர் என்று பெயர். பெரிய சாலைகள் சந்தித்து வண்டிகள் தடம் மாறும் இடத்துக்கும் அங்கே அதே சொல்தான். பொருத்தமான சொல். சூடு இங்கே தடம் மாறுகிறது, தண்ணீரும் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

இஞ்சினுக்கு ஏற்கனவே ரேடியேட்டர் இருக்கிறதே, அதிலேயே இதையும் சேர்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இஞ்சின் தண்ணீர் 90 டிகிரியில் ஓடுவது. அதைக் கொண்டு காற்றை 60 டிகிரிக்கு எப்படிக் கொண்டுவர முடியும்? வெந்நீரில் மோர்ப் பானையை வைத்துக் குளிரவைக்கப் பார்ப்பது போல் ஆகிவிடும். அதனால்தான் தனிச் சுற்று, தனிப் பம்பு.

மூன்றாவது முடுக்கில் ஏன் மூச்சு வாங்குகிறது? மறுபடியும் கணக்கு. 500 குதிரைச் சக்தி இஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது, உள்ளே போகும் காற்றை 70 டிகிரி குறைக்க வேண்டுமென்றால் சுமார் 25 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். வீட்டில் குளியலறையில் இருக்கும் கெய்சர் 2 கிலோவாட். பன்னிரண்டு கெய்சர்கள் ஒரே நேரத்தில் எரிகிற சூடு! முன்பக்கத்து எக்ஸ்சேஞ்சரால் அதில் 15 கிலோவாட்தான் வெளியேற்ற முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 10 கிலோவாட் எங்கே போகும்? சுற்றில் இருக்கும் தண்ணீருக்குள்ளேயே தங்கும். 5 லிட்டர் தண்ணீர் என்றால் அரை நிமிடத்தில் 15 டிகிரி ஏறிவிடும். அடுத்த முடுக்கு அந்தச் சூட்டின் மேல் தொடங்கும், மூன்றாவது அதற்கும் மேல். காரில் உள்ள கம்ப்யூட்டர் காற்றின் சூட்டைப் பார்த்து, கிளிக்தி வந்துவிடக் கூடாதே என்று பிளக் பொறியைத் தாமதப்படுத்தும். இஞ்சின் தப்பிக்கும், சக்தி குறையும். கம்பெனிக்காரர்கள் சாதாரணமாகச் சாலையில் போய்வருபவருக்குப் போதுமான அளவில்தான் எக்ஸ்சேஞ்சர் வைப்பார்கள். முன்முகத்தில் ஏசிக்கும் இஞ்சின் ரேடியேட்டருக்கும் இடம் வேண்டுமே. பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகிறவனுக்கு அது போதாது.

ஆகவே அவன் செய்தது நியாயமான காரியம்தான். பெரிய எக்ஸ்சேஞ்சர் என்றால் காற்றில் படும் பரப்பு அதிகம். டீக்கடையில் மாஸ்டர் டீயை ஓங்கி ஆற்றுவது எதற்கு? நூல் போல நீட்டிக் காற்றில் பரப்பு காட்டத்தான். காபியை டவராவில் ஊற்றுவதும் அதற்குத்தான். ஆனால் எக்ஸ்சேஞ்சரை மட்டும் மாற்றினால் போதாது. பம்பு பலவீனமாக இருந்தால் பெரிய பெட்டிக்குள் தண்ணீர் நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கும். சுற்றில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் பம்பு வெறுமனே சுற்றும், ஆகவே திரவத்தை நிரப்பும்போது காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். தண்ணீரின் அளவு கூடினால் சூடேற நேரம் பிடிக்கும், ஏறிய சூடு இறங்கவும் நேரம் பிடிக்கும். எக்ஸ்சேஞ்சர் மிகத் தடிமனாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் இஞ்சின் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை வேகவைத்த கதை ஆகும். பி-38 கற்பித்த பாடம் இங்கேயும் செல்லும்.

தெருவில் ஓடும் கார்களில் இதன் எல்லைவரை போனவர்கள் அமெரிக்கர்கள். டாட்ஜ் கம்பெனியின் 2018 மாடல் டீமன் காரில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் இஞ்சின், பந்தயப் பெட்ரோல் ஊற்றினால் 840 குதிரைச் சக்தி. அதில் எதிர்காற்றை மட்டும் நம்பாமல், பந்தய நேரத்தில் ஏசியின் குளிர்ச்சியையே உள்ளே உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எடுத்து இன்டர்கூலர் தண்ணீருக்குத் திருப்பிவிட்டார்கள். ஓட்டுகிறவர் வியர்த்தாலும் பரவாயில்லை, இஞ்சின் வியர்க்கக் கூடாது!

நான் இயந்திரம் படித்தவன் அல்ல. முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு இருந்தவன். ஆனாலும் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. எந்தக் காலத்திலும் பெயர் வாங்கியது அமுக்குகிற கருவிதான். காரின் பின்பக்கத்தில் சூப்பர்சார்ஜர் என்று வெள்ளி எழுத்தில் ஒட்டுவார்கள், டர்போ என்று ஒட்டுவார்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று யாரும் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அமுக்குவது 1860-லேயே தெரிந்துவிட்ட வித்தை. ஒவ்வொரு தலைமுறையும் தடுக்கி விழுந்ததும் எழுந்ததும் அமுக்கியதால் வந்த சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற இடத்தில்தான். மெத்தனாலை ஊற்றிப் பார்த்தார்கள், இறக்கைக்குள் ஓடவிட்டார்கள், தொட்டியில் திரவம் வைத்தார்கள். தண்ணீருக்குத் தனி வழி போட்டுக்கொடுத்த முறைதான் எண்பது ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது.

நம் தமிழில் சக்திக்கு ஆற்றல் என்று பெயர். சூட்டைத் தணிப்பதற்கு ஆற்றுதல் என்று பெயர். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். துலூசுக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். 'சித்தப்பா, இதை என் மெக்கானிக்குக்குப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?' என்று கேட்டிருக்கிறான். பிரெஞ்சில் அதற்கு ஒரே சொல் இல்லை. தமிழ்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.